அன்று விற்ற மாடு, இன்று வாங்கிய டிராக்டர்

1978-இல் எங்கள் தோட்டத்துக்குப் புது டிராக்டர் வந்தது. உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே, பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர். தோட்டத்து வீடான சாளையின் வாசலில் சிவப்பு மேசி பெர்குசனை நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார் அப்பா. ஊர்ச்சனம் சுற்றி நின்றது. அப்பாரு (அப்பாவின் அப்பா) மட்டும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. "ஏங்கண்ணு, உழுகும்னு சொல்றே, செரி. சாணி போடுமா இது?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை; பதிலும் சொல்லவில்லை.

இன்றைக்கு என்னிடம் இருப்பது நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. தென்னைக்கு மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் வைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். கட்டுத்தரையில் ஒரு மாடும் இல்லாததால் அந்தச் சாணத்தை டிப்பர் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறேன். அதை ஏற்றி வரவும், மரங்களுக்கு நடுவே உழவும் ஒரு பழைய டிராக்டரைத் தேடிப் பிடித்தேன். அப்பா வைத்திருந்த அதே மேசி, அதே 35 குதிரைத்திறன். மாட்டை வெளியே அனுப்பிய எந்திரம் இப்போது மாட்டுச் சாணத்தைச் சுமக்க வந்திருக்கிறது. அப்பாரு கேட்டது நியாயமான கேள்வி. அதைப் புரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது.

டிராக்டர் வந்த வருஷமே எங்கள் உழவு மாடுகள் போய்விட்டன. ஒரு ஜோடி மயிலை, ஒரு ஜோடி செவலை. சித்திரை மாதம் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு அப்பா ஓட்டிக்கொண்டு போனார். காங்கேயம் மாடு வாங்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வரும் சந்தை அது. திரும்பி வரும்போது அவர் கையில் தலைக்கயிறுகள் மட்டும் இருந்தன. மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை எங்கள் பக்கத்தில். அப்பாரு அந்தக் கயிறுகளை வாங்கிச் சுருட்டி விட்டத்தில் செருகி வைத்தார்.

ஆனால் மாட்டு உழவை நான் பொற்காலம் என்று எழுத மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். கலப்பைச் சால் ஒரு சாண் அகலம் என்று வைத்தால், ஒரு ஏக்கரை ஒரு தடவை உழுது முடிக்க ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அந்த நடையை நடந்தது அப்பாவோ அப்பாருவோ அல்ல. பண்ணையத்துக்கு இருந்த ஒரு அருந்ததியர். வெறுங்காலில், வெயிலில், கட்டியும் கல்லும் மிதித்து நடந்தவர் அவர். டிராக்டர் வந்தபோது அவருக்கு வேலை போனது. அவருடைய மகன் அந்த டிராக்டரையே ஓட்டக் கற்றுக்கொண்டு, சுற்று வட்டாரத்தில் அவனைப் போல நேர்ச்சால் ஓட்ட ஆள் இல்லை என்று பேர் எடுத்தான். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பிழைப்பை எடுத்து, இன்னொருவருக்குப் பிழைப்பைக் கொடுத்தது அந்த எந்திரம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மைக் கதை.

தொண்ணூறுகளில் கிணறு வற்றி, கடன் ஏறி, அப்பா டிராக்டரை விற்றார். புரோக்கர் வந்தார், ஓட்டிப் பார்த்தார், கொண்டுபோனார். அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

இப்போது வேறு ஒன்று வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம்: புதிதாக வாங்கக் கூடாதா, இல்லை வாடகைக்கு எடுக்கக் கூடாதா? வாடகைக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை உழவன் செயலியிலேயே முன்பதிவு செய்யலாம். ஆனால் மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்த இரண்டு நாளில் ஊர் முழுக்க ஒரே வண்டியைக் கேட்கும். வாடகைக்கு ஓடும் ஐம்பது குதிரைத்திறன் வண்டிகள், பின்னால் ரோட்டவேட்டரோடு, தென்னைக்கு நடுவே திரும்பும்போது அடிமரத்தில் உரசுகின்றன. மட்டையை ஒடிக்கின்றன. புது வண்டிக்குக் கடன் வாங்கி, நாலு ஏக்கர் தேங்காயில் அதை அடைக்க முடியாது. இதெல்லாம் நான் சொன்ன காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. அந்த மூன்று சிலிண்டர் சத்தத்தை நான் மறுபடி என் தோட்டத்தில் கேட்க விரும்பினேன்.

தாராபுரம் பக்கம் ஒரு வீட்டில் பழைய மேசி இருப்பதாகத் தகவல் வந்தது. உடுமலையில் டிராக்டர் பட்டறை வைத்திருந்த பாய் என்னோடு வந்தார். எழுபதைத் தாண்டியவர். மகன்கள் வேறு தொழிலுக்குப் போனதால் பட்டறையை மூடிவிட்டு வீட்டில் இருப்பவர். மேசி என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வண்டி நின்றிருந்த இடம் கட்டுத்தரை. மேலே ஓடு சரிந்து, முன்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி காய்ந்து கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்து வண்டி, பழைய மூன்றெழுத்து நம்பர். சிவப்பு வெளுத்து, பானெட்டில் துரு ஓடி, சீட்டு இருந்த இடத்தில் இரும்புத் தட்டு மட்டும் மிச்சம். முன் டயர் இரண்டும் தரையோடு அமுங்கியிருந்தன. வீட்டுக்காரர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "பசங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல இருக்கறாங்க. ஓட்ட ஆளில்லீங்க. நீங்க எடுத்தா செரி, இல்லீன்னா அடுத்த வாரம் இரும்புக்குப் போயிருமுங்க." ஒன்றே முக்கால் டன் எடை. பழைய இரும்பு விலைக்குப் போட்டாலே ஐம்பதாயிரம் தேறும் என்று அவருக்கு எடைக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பாய் பார்த்த விதம் எனக்கு ஒரு பாடம். பெயின்டையும் துருவையும் அவர் கண்டுகொள்ளவே இல்லை. முதலில் கிராங்க் புல்லியில் பெரிய ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்பினார். அசைந்தது. "ஜாம் ஆகலை தம்பி" என்றார். அடுத்து எஞ்சின் ஆயில் கேஜ் கம்பியை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்தார். பிறகு கியர்பாக்ஸ் வடிப்புத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். முதலில் தண்ணீர் சொட்டியது, அதன் பின் வெளுத்துப்போன ஆயில். கியர் லீவர் ரப்பர் கிழிந்த வழியாக வருஷக்கணக்கில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. பிளாக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். முன் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கிங்பின் புஷ் தேய்ந்து கடகடத்தது. கடைசியாக, "அடிப்படை நல்லா இருக்கு. மத்ததெல்லாம் தேய்மானம். தேய்மானத்துக்கு மருந்து இருக்கு" என்றார். விலை ஒன்றேகால் லட்சத்தில் முடிந்தது. லாரியில் ஏற்றி வந்தோம்.

வண்டியைப் பிரிக்கும் முன் அதை உருவாக்கிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாரி பெர்குசன் வட அயர்லாந்தில் ஒரு விவசாயியின் மகன். 1909 டிசம்பர் 31-ஆம் தேதி, தானே கட்டிய விமானத்தில் பறந்தவர்; அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள். பிறகு கலப்பையின் பக்கம் வந்தார். அன்றைய டிராக்டர்கள் மாடு இழுத்த மாதிரியேதான் கலப்பையை இழுத்தன. பின்னால் ஒரு கொக்கி, அதில் கலப்பை. கொழு மரவேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் மாடு நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். இப்படிச் செத்தவர்கள் பலர். வண்டியின் எடையைக் கூட்டுவதுதான் வழி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று இடத்தில் பிணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒன்று. கொழு மண்ணில் அழுந்தும்போது கீழ்க் கைகள் பின்னுக்கு இழுபடும். மேல் கை முன்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளு வண்டியின் முன் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். வண்டியைக் கவிழ்த்த அதே விசை இப்போது அதைத் தரையில் நிறுத்தியது. மண் இறுகினால் மேல் கையின் ஸ்பிரிங் அமுங்கி, ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மண் இளகினால் இறக்கும். கனமில்லாத வண்டி கனமான வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

1946-இல் இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் அவருடைய சாம்பல் நிற டி.ஈ.20 டிராக்டர் வெளிவந்தது. பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதற்கு ஒரு ஸ்பேனர் கொடுத்தார்கள். கலப்பையைப் பூட்டி, கழற்றி, சரிசெய்ய வேண்டிய நட்டுகளுக்கு அந்த ஒன்று போதும். அதன் முதுகில் அங்குலக் கோடுகள் போட்டிருந்தார்கள். சக்கர இடைவெளியை, சால் அகலத்தை அதை வைத்தே அளந்துகொள்ளலாம். எரிபொருள் தொட்டியில் விட்டு மட்டமும் பார்க்கலாம். எந்திரம் வாங்கியவனே அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்த ஒரு மனசு அந்த ஸ்பேனரில் இருக்கிறது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென்துருவத்தை அடைந்தது இந்த வகை டிராக்டர்களில்தான். உழவு டிராக்டர்களுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டிப் போனார்கள்.

பெர்குசன் கம்பெனி 1953-இல் கனடாவின் மேசி-ஹாரிஸோடு சேர்ந்தது. 1960-இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கப்பட்டு, மேசி பெர்குசன் டிராக்டர்கள் இங்கேயே உருவாயின. செம்பியம்தான் அதன் ஊர். எஞ்சின் செய்த சிம்சன் கம்பெனியும் செம்பியத்தில்தான். 1840-இல் மதராஸில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. குதிரை வண்டிக்காரர்கள் செய்த எஞ்சினை, மாடு விற்ற காசோடு அப்பா வாங்கியிருக்கிறார்.

இனி என் வண்டி. கிளச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். காருக்கு இருப்பது போன்ற சேஸி டிராக்டருக்குக் கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸுமே முதுகெலும்பு. நடுவில் போல்ட்டுகளைக் கழற்றினால் வண்டி இரண்டு துண்டு. பாய் இதை "உடைக்கிறது" என்றுதான் சொல்வார். முதலில் பேட்டரி, வயரிங், டீசல் லைன், பானெட், ஸ்டியரிங் ராடுகள் எல்லாம் கழன்றன. பின்பாதியின் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி அசையாமல் நிறுத்தினார். அடுத்துச் செய்த காரியம்தான் முக்கியம். முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஆப்பு இறக்கினார். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குவதற்காக அப்படி. பின்பாதி பிரிந்துவிட்டால் எஞ்சினைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை. அந்தப் பின்னில் சுழன்று ஆள் மேல் சாயும். "இந்த ஆப்பு போடாம ஒருத்தர் கால் போயிருக்கு. நான் பார்த்தது" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

எஞ்சினுக்கு அடியில் டிராலி ஜாக்கி வைத்து, நெம்புகோலால் மெல்லத் தள்ளினோம். கருத்த பிளவு ஒன்று விழுந்து, முன்பாதி ஒரு முழம் நகர்ந்து வந்தது. உள்ளே கிளச் பிளேட் ரிவிட் வரை தேய்ந்திருந்தது. ஃப்ளைவீலில் அந்த ரிவிட்டுகள் போட்ட வட்டக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நாற்பது வருஷமாக யாரோ காலால் மிதித்து மிதித்துக் கீறிய கோடுகள்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. உதவிக்கு வந்த பையன் ஐ.டி.ஐ. படித்தவன், கெட்டிக்காரன். அவன் கொண்டுவந்த ஸ்பேனர் செட் முழுக்க மில்லிமீட்டர் அளவு. பழைய மேசியின் நட்டு, போல்ட்டெல்லாம் அங்குல அளவு. அரை அங்குல நட்டில் பதிமூன்று எம்.எம். ஸ்பேனர் உட்காருவது மாதிரி இருக்கும், அழுத்தினால் வழுக்கி நட்டின் முனையைத் தின்றுவிடும். பாய் வீட்டுக்குப் போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி, அரை அங்குலம், ஒன்பது பை பதினாறு, முக்கால், பதினைந்து பை பதினாறு என்று வரிசையாக இருந்தன. பட்டறையை மூடியபோது இந்தப் பெட்டியை மட்டும் அவர் விற்கவில்லை. பையன் ஒவ்வொன்றாக எடுத்து அளவைப் படித்துப் பார்த்தான். அன்று மாலைக்குள் நட்டைப் பார்த்த மாத்திரத்தில் சரியான ஸ்பேனரை எடுக்க அவனுக்கு வந்துவிட்டது.

எஞ்சின் வேலை கோவையில் நடந்தது. மூன்று லைனரும் மாற்றி, போரிங் போட்டு, புது பிஸ்டன், ரிங் செட். கிராங்க் ஏற்கெனவே இருபது சைஸுக்கு அரைக்கப்பட்டிருந்தது; இப்போது முப்பது. இதற்கு மேல் அரைக்க அதில் சதை இல்லை. ஹெட்டில் வால்வு சீட்டு வெட்டி, கையாலேயே தேய்த்து உட்கார வைத்தார்கள். மூன்று நாசிலையும் கைப்பம்பில் மாட்டிச் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல நாசில் அழுத்தம் வந்ததும் கிர் என்று ஒலித்து, டீசலைப் புகையாகத் தெளித்து, சட்டென்று நிற்கும், நுனி காய்ந்திருக்கும். எங்கள் நாசிலில் இரண்டு, சொட்டுச் சொட்டாக வடித்தன. கரும்புகைக்கும் டீசல் செலவுக்கும் காரணம் இந்தச் சொட்டுதான். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஸ்டியரிங் பாக்ஸ் மூடியும் டாப் லிங்க் முனையும் கிடைத்தன. மற்றவை கடையில் புதிதாகவே கிடைக்கின்றன. இந்த வண்டியின் பெரிய பலம் அது. நாட்டில் இதன் இனம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹைட்ராலிக் வேலையைப் பாய் யாரிடமும் கொடுக்கவில்லை. பின்பாதிக்குள், கியர் ஆயிலுக்கு அடியிலேயே பம்ப் முழுகி இருக்கும். வெளுத்த ஆயிலை வடித்து, டீசல் விட்டு அலசி, பம்பை வெளியே எடுத்து, வால்வைத் துடைத்து, தூக்கும் சிலிண்டரின் ரிங்கை மாற்றினார். தூக்கி நிறுத்திய கலப்பை தானாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தால் ரிங் போய்விட்டது என்று அர்த்தமாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தத்தில் மயங்கிவிடாமல், கலப்பையைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிஷம் பின்னால் நின்று பாருங்கள்.

பெயின்ட்டுக்கு ரெட் ஆக்ஸைடு, பட்டி, அப்புறம் பழைய சிவப்பும் சாம்பலும். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வங்கியின் கடன் பதிவு இன்னும் நின்றது. எப்போதோ கட்டி முடித்த கடன். அதற்குப் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இவற்றை வாங்கும்போதே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

ஸ்டார்ட் செய்த நாளில் பாய் அவசரப்படவில்லை. டீசல் லைனில் காற்று இருந்தால் எத்தனை முறை சாவி திருப்பினாலும் வண்டி எழாது. ஃபில்டர் மேலிருந்த சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடித்தார். அடுத்து டீசல் பம்பில், கடைசியாக நாசில் குழாய்களில். பிறகு பையனை சீட்டில் ஏற்றினார். செல்ஃப் அடித்தது. ஒரு சிலிண்டர் எழுந்தது, இரண்டாவது சேர்ந்தது, மூன்றாவதும் பிடித்துக்கொண்டதும் சத்தம் சீரானது. பாய் கையைத் துடைத்துவிட்டு எஞ்சின் ஹெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தொழிலை விட்ட ஒரு மனிதருக்குத் தொழில் திரும்பக் கிடைத்த முகம் அது. இந்த வண்டிக்கு நான் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் அதற்கே சரியாகப் போயிற்று.

மழை பெய்த மறுநாள் ஐந்து கொத்துக் கலப்பையைப் பூட்டி உழுதோம். தோப்பின் கிழக்கு மூலை சுண்ணாம்புக் கல் கலந்த இறுகிய மண், மேற்கே வண்டல். லீவரை ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஓட்டினேன். இறுகல் வந்ததும் எஞ்சின் முனகியது. உடனே பின்னால் கைகள் விரல் அளவு உயர்ந்தன, வண்டி நிற்கவில்லை. வண்டலுக்கு வந்ததும் தானாக இறங்கிக்கொண்டன. நூறு வருஷத்துக்கு முன் அயர்லாந்தில் ஒரு விவசாயி மகன் யோசித்தது உடுமலைத் தென்னைக்கு நடுவே அப்படியே வேலை செய்தது. மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி இடைவெளி. ஒரு மட்டையைக் கூட உரசாமல் திரும்பியது.

அன்றைக்கு அப்பாருவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. இந்தக் கனம் மண்ணை மிதித்து இறுக்கிவிடும் என்பார். அதுவும் பலித்தது. வருஷாவருஷம் ஒரே ஆழத்தில் கனமான வண்டி ஓடினால் மேல் மண்ணுக்கு அடியில் கடினத்தட்டு உருவாகும். அதை உடைக்க இப்போது உளிக்கலப்பை போடச் சொல்கிறார்கள். அவர் கனம் என்று பயந்த அந்த ரக டிராக்டர்தான் இன்று எங்கள் ஊரில் ஓடுகிறவற்றில் இலேசானது. அன்று ஊருக்குப் புரியாத எந்திரமாக வந்தது, இன்று ஊர்ப் பையன் ஒருவன் முழுக்கப் பிரித்து, முழுக்கப் புரிந்துகொள்ளக்கூடிய எந்திரம் என்று நிற்கிறது.

ஆனால் இனி வருபவை அப்படி இல்லை. 2023 ஜனவரி முதல் ஐம்பது குதிரைத்திறனுக்கு மேலான டிராக்டர்களுக்கு நம் நாட்டில் புதிய புகை விதி வந்துவிட்டது. புகை குறைவது நல்லது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த வண்டிகளின் எஞ்சினை மின்னணுப் பெட்டி நடத்துகிறது. கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்பெனியின் கணினி வர வேண்டும். அமெரிக்காவில் தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமைக்காக விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடி, 2025 ஜனவரியில் அந்த அரசின் வர்த்தக ஆணையமே ஜான் டியர் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. நாற்பது வருஷப் பழைய டிராக்டர்களை அங்கே ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். நம் கட்டுத்தரைகளில் அதே வயது வண்டிகள் இரும்பு விலைக்குக் காத்திருக்கின்றன.

மாட்டை நாங்கள் விற்றபோது அதோடு போனவை எவை என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாணம் போனது, மாட்டைப் பழக்கும் கை போனது, லாடம் கட்டுபவர் போனார். நாட்டு மாட்டை மீட்க வேண்டும் என்று இப்போது ஊர் ஊராகப் பேசுகிறோம். டிராக்டரிலும் அதையே செய்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். கோவையில் பழைய கார்களைச் சேர்த்து வைத்து ஜி.டி. கார் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தமிழ்நாட்டு நிலத்தை உழுத டிராக்டர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் கல்லூரிகள் நினைத்தால் முடியும். மாணவர்கள் பிரித்துப் பூட்டிப் பழகவும் உதவும்.

உங்கள் சாளையில் ஒரு பழைய மேசியோ வேறு எந்த டிராக்டரோ நின்றுகொண்டிருந்தால், எடைக்கடைக்குப் போன் போடும் முன் ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டி வந்து கிராங்க் புல்லியைத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அந்த வண்டியை ஓட வைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் அதன் கையேடு கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஊரில் பட்டறையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ஒரு பையனையாவது அனுப்புங்கள். எங்கள் பாயிடம் இப்போது அந்த ஐ.டி.ஐ. பையன் வாரத்தில் இரண்டு நாள் போகிறான். டீசல் பம்ப் பிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.